வானத்துச் சாட்சியை வயலில் நிற்பவர் கேள்வி கேட்கலாமா?

புதுதில்லி: நெல் அறுவடைக்குப் பின் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எஞ்சிய தாள் எங்கெங்கு எரிக்கப்படுகிறது என்பதை, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. விவசாயிக்கு விதிக்கப்படும் அபராதத்துக்கும் பெரும்பாலும் அந்தத் தரவே தொடக்கம். 2024 நவம்பரில் மத்திய அரசு இந்த அபராதத்தை இரட்டிப்பாக்கியது. 2 ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளோருக்கு ரூ.5,000, 5 ஏக்கர் வரை ரூ.10,000, அதற்கு மேல் ரூ.30,000.

ஆனால், அந்த விண்வெளிக் கண் அத்தனை கூர்மையானதன்று. தீயைக் கண்டறியப் பயன்படும் அமெரிக்க 'விர்ஸ்' கருவியின் ஒரு படப்புள்ளி 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதாவது, ஏறத்தாழ 35 ஏக்கர். தீ யாருடைய வயலில் எரிந்தது என்பதை நேரில் சென்று பார்த்தே உறுதிசெய்ய முடியும். செயற்கைக்கோள் கடந்து சென்ற பின்னர் வைக்கப்படும் தீ பதிவாவதில்லை என்ற புகாரும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது.

விண்வெளித் தரவு குறித்த இந்தியக் கொள்கைகள் இதுவரை கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. 2001-ஆம் ஆண்டுக் கொள்கை 5.8 மீட்டர் வரையிலான படங்களைத் தடையின்றி வழங்கியது. அதைவிடத் துல்லியமான படங்கள் பரிசீலனைக்குப் பின்னரே கிடைத்தன. 2011-இல் அந்த எல்லை 1 மீட்டராகத் தளர்ந்தது. 2023-ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கை, அரசு செயற்கைக்கோள்களின் 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் கொண்ட படங்களை இலவசமாக்கியது. தனியார் நிறுவனங்கள் சொந்தச் செயற்கைக்கோள்களை இயக்கவும் வழிவிட்டது.

தேசப் பாதுகாப்பு, வணிகம் ஆகிய இரண்டுக்கும் இவற்றில் இடமுண்டு. படத்தின் பேரில் தண்டிக்கப்படும் குடிமகனுக்கு இடமில்லை. 2023-ஆம் ஆண்டு ஆவணமும் கொள்கையே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. 2017-இல் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவோ வரைவாகவே நின்றது.

தன் நிலப்பரப்பைப் பற்றிய தரவைப் பாகுபாடின்றி, நியாயமான விலையில் பெற ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு என்று 1986-இல் ஐ.நா. பொதுச்சபை கோட்பாடு வகுத்தது. வளரும் நாடுகள் வாதாடிப் பெற்ற உரிமை அது. பயிர்க் காப்பீடு, கடன், நிலப் பதிவு எனச் செயற்கைக்கோள் தரவின் பயன்பாடு விரியும் காலத்தில், அதே உரிமை 2 ஏக்கர் விவசாயிக்கும் வேண்டும். தனக்கு எதிரான படத்தைப் பார்க்கவும் மறுக்கவும் அவருக்குச் சட்டம் வழிசெய்ய வேண்டும்.