ரப்பர் நிழலில் மூன்று சாலைகள்

திருவனந்தபுரத்துக்குச் சைக்கிளோடு வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது பொன்முடியைத்தான். 22 கொண்டை ஊசி வளைவு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் என்று கேட்டதுமே பின்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த ஊரில் காலைக் கழற்றுவது மலையல்ல; மலைக்கு முன்னால் வரும் நாற்பது கிலோமீட்டர். கொஞ்சம் ஏறி, ஏறியதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கி, ஓடைப் பாலம் ஒன்றைத் தாண்டி, வேர்வை காயும் முன்பே மறுபடி ஏற வேண்டும். சமதளம் என்று கண்ணுக்குத் தெரிவதும் மிதித்தால் ஏற்றமாக இருக்கும்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. கடலோரம், இடைநாடு, மலைநாடு என்று கேரளத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். வடக்கே விரிந்து கிடக்கும் இந்த மூன்றும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெருக்கி அடுக்கியதுபோல இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் நெய்யாறு, கரமனை ஆறு, வாமனபுரம் ஆறு ஆகியவையும் அவற்றின் ஓடைகளும் இடைநாட்டின் வெட்டுக்கல் பூமியை அறுத்து அறுத்துக் குன்றும் பள்ளமுமாக ஆக்கிவிட்டன. ஆறுகள் மேற்கே கடலை நோக்கி இறங்க, ஊர்ச்சாலைகள் குன்றுகளைக் குறுக்கே கடந்து போகின்றன. இதற்குக் கூலியும் உண்டு. விடியற்காலையில் சங்குமுகம் கடற்கரையில் கிளம்பியவர், நல்ல மிதிகாரராக இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் பசுமைமாறாக் காட்டுக்குள் இருப்பார். பெருநகரம் ஒன்றிலிருந்து இப்படிக் கிளம்ப முடிகிற இடங்கள் இந்தியாவில் அதிகமில்லை.

முதல் சாலை பொன்முடிக்கு. நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பேரூர்க்கடை வழியாக நெடுமங்காடு வரை முதல் 18 கிலோமீட்டர் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கும் சாலை. ஆறு மணிக்கு முன் இதைக் கடந்துவிடுவது நல்லது. நெடுமங்காட்டைத் தாண்டினால் தென்னையும் மரவள்ளியும் குறைந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்கும். அந்நேரத்தில் பால்வெட்டு நடந்துகொண்டிருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நகரும் தொழிலாளி பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போக, வெள்ளைப் பால் கொட்டாங்கச்சிக்குள் சொட்டத் தொடங்கும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால்தான் இந்த விடிகாலை வேலை. சைக்கிள்காரரின் கணக்கும் அதேதான்.

விதுரை தாண்டிக் கல்லாற்றை எட்டும்போது காற்றே மாறிவிடும். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரின் சத்தம் சாலைவரை கேட்கும். இங்கிருந்துதான் வளைவுகள். இடைநாட்டுக் குன்றுகளில் நொந்துபோன கால்களுக்கு இந்த ஏற்றம் ஆச்சரியமாக இதமாக இருக்கும். ஒரே சீரான சாய்வு என்பதால் சின்ன கியரில் ஒரு தாளத்தைப் பிடித்துவிட்டால் போதும். ஈற்றைக் காடு, அடர்ந்த மரங்கள், தேயிலைத் தோட்டம் என்று ஒவ்வொன்றாகக் கீழே போய், உச்சியில் புல்மேடும் மூடுபனியும் மட்டும் மிஞ்சும். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் இந்த மலையில்தான் நடந்தது.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் நிதானம் வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பிடி தளர்ந்துபோகும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டு, மீண்டும் அடுத்ததற்கு முன் அழுத்துவதே முறை. நிழல் விழும் ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். அங்கே ஈரத்தில் முன் பிரேக்கைத் தொடாமல் இருப்பது எலும்புக்கு நல்லது.

இரண்டாவது சாலை வடகிழக்கே செங்கோட்டைக்கு. நகரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை வழியாகத் தென்மலைக்கு சுமார் 72 கிலோமீட்டர். அங்கிருந்து ஆரியங்காவு கணவாயைக் கடந்தால் தமிழ்நாடு. பாலோட்டில் 1979-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா சுமார் 300 ஏக்கரில் பரந்திருக்கிறது. அகத்தியமலையில் வாழும் காணி மக்கள் களைப்புத் தெரியாமல் மலையேற மென்று வந்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது இந்த நிறுவனம்தான். அந்த அறிவுக்கு உரியவர்கள் காணிகளே என்று, கிடைத்த உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது உலக அளவில் பேசப்பட்டது.

குளத்துப்புழைக்குப் பிறகு செந்துருணி வனவிலங்கு சரணாலயத்தின் காடு. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரால் அமைந்தது அது. தென்மலையில் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் சேர்ந்ததும் காட்டின் அமைதி போய்விடும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சரக்கு ஏற்றும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை இது. பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிட வேண்டும். கழுதுருட்டியில் சாலையோரமாகவே நிற்கிறது பதின்மூன்று கண் பாலம். 1904-இல் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதைக்காகக் கருங்கல்லால் கட்டப்பட்டது. மீட்டர் கேஜ் அகலப்பாதையான பிறகும் 2018 முதல் அதே பாலத்தில் ரயில் போகிறது.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டிக் கோட்டைவாசல் வளைவுகளில் இறங்கும்போதே மலைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு என்று தெரிந்துவிடும். கண்ணுக்கெட்டிய மட்டும் புளியரை வயல், அதற்கு மேல் திறந்த வானம். சாரல் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் பாயும். ஜூன், ஜூலையில் கேரளத்திலிருந்து வருபவருக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும். எதிர்த்திசையில் போகிறவர் பாடு திண்டாட்டம்.

மூன்றாவது சாலை தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று நெடுஞ்சாலையைப் பிடித்தால் புகையும் ஹாரனும்தான் மிச்சம். காட்டாக்கடை வழியாக உள்ளே போய், 1958-இல் கட்டி முடித்த நெய்யாறு அணையில் இளைப்பாறி, வெள்ளறடையில் எல்லையைத் தாண்டினால் அருமனை, திற்பரப்பு, குலசேகரம் என்று ஊர்கள் ரப்பருக்குள்ளேயே வந்துகொண்டிருக்கும். கடைப் பலகையில் எழுத்து மாறும். மரமும் மண்ணும் மாறாது. மாறுவதற்குக் காரணமும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்களும் செங்கோட்டையும் அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகும் தொட்டிப்பாலம் 1966-இல் வந்தது. பக்கத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்த்துவிட்டு, பத்மநாபபுரத்தில் பயணத்தை முடிக்கலாம்.

எப்போது போவது? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, காலை குளிர். ஆனால் ரப்பர் இலை உதிர்க்கும் பருவமும் அதுவே. ஜனவரியில் தோட்டச் சாலைகளில் நிழல் இருக்காது, பத்து மணிக்கே வெயில் நேராகத் தலையில் இறங்கும். அக்டோபர், நவம்பரில் நிழல் கிடைக்கும். பிற்பகலில் இடியும் மின்னலும் சேர்ந்து கிடைக்கும். எனவே இரண்டு மணிக்குள் கூரை தேடிவிட வேண்டும். பெருமழைக் காலத்தில் மண் சரிந்தால் பொன்முடி சாலையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது அவசியம். காட்டுக்குள் நிறுத்தினால் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.

பேப்பாறை, போணக்காடு போன்ற வனப்பாதைகளுக்கு அனுமதி வேண்டும். சோதனைச் சாவடியில் வாதாடிப் பயனில்லை; அந்தக் காட்டில் யானை இருக்கிறது. எந்தச் சாலையானாலும் இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வண்டி எதுவானாலும் சரி, கியர் மட்டும் சிறியது வேண்டும். மெல்லிய டயர்க்காரர்கள் இரண்டு டியூப் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும்; மடத்தறையிலும் குலசேகரத்திலும் பஞ்சர் ஒட்ட ஆள் கிடைப்பார், வெளிநாட்டு அளவு டியூப் கிடைப்பது சந்தேகம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வழிநெடுகத் தட்டுக்கடைகளில் புட்டும் கடலையும், கப்பையும் மீன்குழம்பும் உண்டு.

தெற்குச் சாலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிழமை பார்த்துக் கிளம்ப வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை.