மருதமுனைச் சாரனும் சாய்ந்தமருதுத் தயிர்முட்டியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பாடம் தொடங்குமுன் என் மாணவர்களை நோக்கி ஒரு வினா விடுத்தேன். “இன்று காலை எழுந்தது முதல் நீங்கள் கையால் தொட்ட பொருள்களுள், இங்கிருந்து பத்து மைல் சுற்றளவுக்குள் செய்யப்பட்டவை எவை?” வகுப்புச் சிறிது நேரம் மௌனஞ் சாதித்தது. பற்பசை, சவர்க்காரம், பேனா, கைப்பேசி எல்லாம் கடல் கடந்தோ மலை கடந்தோ வந்தவை. ஈற்றில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்து, “உம்மா அவிச்ச இடியப்பம், சேர்” என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது. ஆயின் அவ்விடையை நான் ஏற்றுக்கொண்டேன். அதன் பின்னரே ஏனையோர்க்கும் வாய் திறந்தது. ஒருவன் தான் படுத்த பாயைச் சொன்னான். ஒருத்தி தயிரைச் சொன்னாள். மருதமுனைப் பையன் ஒருவன் பெருமிதத்தோடு, “எங்கட வாப்பா நெய்த சாரன்” என்றான்.

அன்று மாலை வீடு திரும்பியதும் அதே வினாவை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். கொடியிலே மூன்று சாரன்கள், மூன்றும் மருதமுனை. அடுக்களையிலே மண் முட்டியில் தயிர். அது சாய்ந்தமருதுக் கடை. விருந்தினர்க்கென்று சுருட்டி வைத்த பன்பாய் ஒன்று. எனது ஊர் காரைதீவு. கல்முனைக் கரையோரத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல்: தெற்கிலிருந்து வடக்கே போகும் பெருந்தெருவில் நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகின்றது என்பதை வெளியூரார் அறிதல் அரிது. கோயில் மணியும் பள்ளிவாசற் பாங்கும் ஒரே காற்றில் வரும் நாடு இது. தாய்வழிக் ‘குடி’ முறை தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே பொதுவானதென்பதைப் படித்தவர் பலரும் அறியார்.

சாரனைப் பற்றி முதலிற் சொல்கின்றேன். தமிழ்நாட்டார் கைலி என்றும் லுங்கி என்றும் வழங்கும் உடையே இது. சாரன் என்பது மலாய் மொழியினின்றும் வந்த சொல். கட்டம் போட்ட சாரனைப் ‘பலேக்காட்’ என்று நம் முதியோர் கூறுவர். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரே இவ்வாறு திரிந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் அக்கரையின் கட்டத்துணிகளைக் கப்பலேற்றி யாவகம் முதலிய தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். துணி தமிழகத்தது, பெயர் மலாய், நெய்வது மருதமுனை. ஒரு முழத் துணிக்குள் இத்துணைச் சரித்திரம்!

கைத்தறியின் வேலையை நம் பிள்ளைகள் பலர் கண்டதில்லை. நூலைச் சாயமிட்டு, உலர்த்தி, தாரிற் சுற்றி, பாவோட்டுவர். பின்னர் ஆயிரக்கணக்கான பாவிழைகளை ஒவ்வொன்றாக விழுதினூடும் அச்சினூடும் கோத்தெடுத்தல் வேண்டும். கண்ணுக்கும் பொறுமைக்கும் இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. ஓர் இழை இடம் மாறினாலும் கட்டம் பிசகிவிடும். அதன் பின்னரே காலால் மிதியை மிதிப்பதும், கையாற் கயிற்றைச் சுண்டுவதும், நாடா இப்புறமும் அப்புறமும் பாய்வதும். கயிறிழுத்து நாடாவைப் பாயவிடும் இவ்வுபாயத்தை இங்கிலாந்திலே ஜோன் கே என்பவர் 1733இல் கண்டுபிடித்தார். அதற்கு முன் நெசவாளன் நாடாவைக் கையால் எறிந்து கையாற் பிடித்தான்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நூலின் இலக்கம் என்பது, ஓர் இறாத்தல் நூலிலே 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை உள்ளன என்பதாகும். ஆகவே 40ஆம் இலக்க நூல் ஓர் இறாத்தலை நீட்டிப் பிடித்தால் 33,600 யார், அதாவது ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பாதையில் முக்காற் பங்குக்கு அந்நூல் எட்டும். இதனை வகுப்பிற் சொன்ன நாளில், நன்னூற் பாயிரத்தையும் சேர்த்தே படிப்பித்தேன். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் பவணந்தி முனிவர் உவமித்தது ஏன் என்பது, பஞ்சையும் கதிரையும் கண்டறியாப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளங்கும்? தமிழாசிரியர்கள் வருடத்துக்கு ஒரு முறையேனும் மாணவரைத் தறிக்கொட்டிலுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

மருதமுனையில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்டதாக முதியோர் சொல்வர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்த் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவுத் துணி வெள்ளம்போற் புகுந்தது. அதன்மேல் யுத்தம். அதன்மேல் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்துக்குத்தான். கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. தறி போனால் வேறு தறி செய்யலாம். அதனை இயக்கிய கைக்கு என் செய்வது? 2022இன் பொருளாதார நெருக்கடியில் நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறியபோது, எஞ்சியிருந்தோரிலும் சிலர் தறியை விட்டகன்றனர்.

வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு. கட்டம் நூலிலேயே சாயமேற்றி நெய்ததாயின் இருபுறமும் ஒரே நிறமாயிருக்கும். துணியின்மேல் அச்சிட்டதாயின் மறுபுறம் வெளிறிக் காணும். கடையிலே துணியைப் புரட்டிப் பாருங்கள், வெட்கப்படவேண்டாம்.

பன்பாய் பெண்களின் தொழில். சதுப்பு நிலங்களில் வளரும் பன்னை அறுத்து வெயிலிற் காயவைத்து, ஒரு பகுதிக்குக் கொதிநீரிற் சாயமேற்றி, நீர் தெளித்துப் பதப்படுத்தி, தரையில் அமர்ந்தபடியே கையால் இழைப்பர். தறியில்லை, அளவுகோலில்லை. எங்கள் வீட்டுக்குப் பாய் தந்த மூதாட்டி ஒருவரிடம், “இந்தக் கோலத்தை எங்கே பழகினீர்கள், உம்மா?” என்று கேட்டேன். “எங்க பழகிற மனே? எங்கட உம்மாட பக்கத்தில இருந்து பாத்தன். அவ்வளவுதான்” என்றார். அவருடைய பேத்தி பக்கத்தில் இருந்தாள். அவள் கண் கைப்பேசியில் இருந்தது. பிளாத்திக்குப் பாய் மலிவு, கழுவலாம், காயும். மறுப்பதற்கில்லை. ஆயினும் வைகாசி வெயிலில் அதன்மேல் ஒரு பகற்பொழுது படுத்தவருக்கு முதுகே சாட்சி சொல்லும்.

இனித் தயிர். எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு கொழுப்பு உண்டு. பசுப்பாலில் ஏறக்குறைய நான்கு பங்குதான். காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, மண் முட்டியில் ஊற்றி உறைமோர் இட்டால் விடியுமுன் கட்டியாகிவிடும். மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் தயிர் இறுகுகின்றது, குளிர்ந்தும் இருக்கின்றது. முட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்பது கடைக்காரர் பெருமை. நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை. சாய்ந்தமருதிலே பெருந்தெருவை விட்டுச் சற்று உள்ளே, ஒரு சிறு கடையில் என் தந்தையார் காலம் முதல் வாங்கி வந்தோம்.

இங்கே நான் ஒன்றை மறையாது சொல்லியாக வேண்டும். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாட்களின் பின், 26ஆந் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் வந்து மறைந்திருந்தோர் தம்மையும் உடனிருந்த குழந்தைகளையும் வெடிவைத்து அழித்தனர். அவர்கள்மேல் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. ஆயினும் நாடெங்கும் முஸ்லிம்களின் கடைகளைப் புறக்கணிக்குமாறு ஒரு பேச்சு எழுந்தது. எங்கள் வீட்டுக்கும் உறவினர் ஒருவர் வந்து, “கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பட்டம் பெற்ற ஆசிரியன், வகுப்பிலே யாவரும் கேளிர் என்று படிப்பிப்பவன், பேசாதிருந்தேன். நான்கு மாதம் வேறெங்கோ செய்து அடைத்த பிளாத்திக்குக் கோப்பைத் தயிர் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தாயார் முதல் நாளே ஒரு கரண்டி உண்டு, “இதென்ன, தயிரா களியா?” என்று தள்ளி வைத்தவர், பின்னர் தொடவேயில்லை.

ஆவணி மாதம் ஒரு மாலை, துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றேன். கடைக்காரக் காக்கா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மற்றெதனையும் கேட்கவில்லை. “கன நாளாக் காணல்ல, சேர். சுகமில்லாம இருந்தீங்களோ?” என்றார்.

“ஓம் காக்கா, கொஞ்சம் சுகமில்லை” என்றேன்.

அவர் முட்டியின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டிக் கொடுத்தார். அவர் அறிந்திருந்தார் என்பதை நான் அறிவேன். அன்றிரவு என் தாயார் சோற்றிலே தயிரைப் பிசைந்தபடி, காக்காவின் மகளுக்குக் கலியாணம் ஆயிற்றா என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னராயின் தெரிந்திருக்கும்.

மருதமுனை மாணவனின் தந்தையாரைச் சென்ற மாதம் கண்டு வந்தேன். இரண்டு தறிகளுள் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. மற்றதன்மேல் பழைய சாக்கு மூடிக் கிடந்தது. “மகன் படிக்கட்டும் சேர், இது அவனுக்கு வேணாம்” என்றார். சொல்லும்போது கை நிற்கவில்லை. பாவிலே பச்சையும் வெள்ளையுமான கட்டம். இது யாருக்கென்று கேட்டேன். இன்னும் யாருக்குமில்லை என்றார். முடிந்ததும் எனக்கே மூட்டி வைக்கும்படி சொல்லி, முற்பணமும் கொடுத்து வந்தேன். வருகின்ற வெள்ளிக்கிழமைக்குப் பின் போய் எடுக்கவேண்டும்.