மூவர் கூடினால் முக்கோணம்

இராணி, மேரி, பாத்திமா என்று மூன்று தோழியரை எண்ணிக்கொள்ளுங்கள். இராணியும் மேரியும் தனியே பேசுவர். மேரியும் பாத்திமாவும் தனியே பேசுவர். பாத்திமாவும் இராணியும் அவ்வாறே. ஆனால் மூவரும் ஒரு மரத்தடியில் ஒருநாளும் கூடியதில்லை. வேறு மூவரோ நாள்தோறும் ஒன்றாகவே அமர்ந்து உரையாடுகின்றனர். இவ்விரு நட்புகளையும் புள்ளியும் கோடுமாக வரைந்தால் இரண்டும் ஒரே முக்கோணந்தான்! உண்மையில் இரண்டும் ஒன்றாகுமா? முதற் கூட்டத்தில் கோள்மூட்டுவது எளிது. இரண்டாவதில் அந்தப் பருப்பு வேகாது.

இவ்வேறுபாட்டைக் காட்ட உதவுவது இடத்தியல் என்னும் கணிதப் பிரிவு. டோபாலஜி என்பதும் இதுவே. நீளம், அகலம் இதற்குப் பொருட்டல்ல. எது எதனோடு சேர்ந்துள்ளது என்பதே கேள்வி. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து, சுற்றிவர முடியாதென்று 1735இல் ஆய்லர் நிறுவியது இதன் வித்தாகும்.

முறை இதுதான். இருவர் கூடினால் ஒரு கோடு. மூவர் கூடினால் முக்கோணத்தின் உட்புறத்திற்கு வண்ணம் தீட்டுக. நால்வர் கூடினால் கெட்டியான நான்முகி. பிறகு புள்ளிகளிலிருந்து கோடுகளைக் கழித்து, முக்கோணங்களைக் கூட்டி, நான்முகிகளைக் கழித்து, இப்படியே மாறி மாறிச் செல்க. இராணியின் கூட்டத்திற்கு 3−3=0. மற்ற கூட்டத்திற்கு 3−3+1=1. நால்வரில் எந்த மூவரும் கூடியிருந்து, நால்வரும் சேர்ந்து கூடவே இல்லையெனில் 4−6+4=2; அவர்களும் கூடிவிட்டால் ஒன்றைக் கழிக்க, மீண்டும் 1. ஐவர் முழுமையாகக் கூடினாலும் விடை 1தான். தாளெடுத்துப் போட்டுப் பாருங்கள். நம் நட்புக் கணக்கில் 0 வந்தது முக்கோணத்தில் துளை இருப்பதால். 2 வந்தது நான்முகியின் உள்ளே பொந்து இருப்பதால்.

துளைகளையும் பொந்துகளையும் எண்ணும் வழியை 1895இல் பிரெஞ்சு அறிஞர் பொயன்காரே விரிவாக வகுத்தார். அவ்வெண்களோடு நில்லாமல், அவற்றின் பின்னே குலங்கள் என்னும் இயற்கணித அமைப்புகளைக் காண வேண்டுமென்று 1920களில் எடுத்துரைத்தவர் எம்மி நோதர் அம்மையார். பெண் என்ற காரணத்தால், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் ஹில்பெர்ட்டின் பெயரில்தான் பாடம் நடத்த நேர்ந்தது! 1919இல்தான் தம் பெயரில் கற்பிக்கும் உரிமை கிட்டியது. யூதர் என்பதால் 1933இல் அப்பணியும் பறிபோக, அமெரிக்காவில் பிரின் மார் மகளிர் கல்லூரிக்குச் சென்றார்; 1935இல் மறைந்தார். இன்று வலைப்பின்னல்களில் துளை தேடும் எவரும் அவர் காட்டிய வழியில்தான் நடக்கின்றனர்.

2017இல் சுவிட்சர்லாந்தின் புளூ பிரெயின் திட்ட ஆய்வாளர்கள், எலியின் மூளைப்புறணியில் ஒரு சிறு பகுதியைக் கணிப்பொறியில் அமைத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ 31,000 நரம்பணுக்கள், 80 லட்சம் இணைப்புகள். ஒவ்வொன்றும் மற்ற அனைத்தோடும், செய்தி ஒரே திசையில் ஓடும் வரிசையில் இணைந்திருந்தால் அதை ஒரு குழுவாகக் கொண்டனர். பதினோரு பரிமாணக் குழுக்கள் கிடைத்தன. பரிமாணம் என்றதும் வேற்றுலகம் என்று மயங்க வேண்டா. 12 நரம்பணுக்கள் சேர்ந்த குழு என்பதே பொருள். தூண்டல் தந்தபோது, குழுக்களுக்கிடையே பொந்துகள் சிறிதிலிருந்து பெரிதாக எழுந்து, பின் மணல்வீடுபோல் சரிந்தன.

மனிதக் கூட்டத்திற்கும் இது பொருந்தும். தனியொருத்தி சொல்லி ஏற்காத புதுப்பழக்கத்தை, இருவர் சேர்ந்து சொன்னால் ஏற்கிறோம் அல்லவா? இதைக் கணக்கில் சேர்த்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், சில நிலைகளில் ஒரு வியப்பு தெரிந்தது. தொடங்குவோர் தொகை ஓர் அளவுக்குக் குறைந்தால் பழக்கம் தானே மறைந்தது. அவ்வளவைத் தாண்டியதும் கூட்டத்தில் பரவி நிலைத்தது.