ஆரஞ்சு வயரைப் பாருங்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்துகிறவன் நான். சூளையிலிருந்து சூடு வீணாக வெளியேறுவதைப் பார்த்தாலே எங்களுக்கு மனசு ஆறாது. ஹைப்ரிட் கார் எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். மற்ற வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது வெறும் சூடாகப் போய்விடும் சக்தியை, இது மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்து வைக்கிறது. மறுபடி கிளம்பும்போது அதையே எடுத்து ஓடுகிறது.

பக்கத்துப் பட்டறைத் தம்பி புதுச்சேரியில் ஒரு பழைய மாருதி கிராண்ட் விட்டாராவைப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

“அண்ணே, ஹைப்ரிட்டுன்னு சொல்றாங்க. அட்வான்ஸ் குடுத்துடவா?”

“கிளட்ச் இருக்கா தம்பி?”

“இருக்குண்ணே.”

“அப்ப அது நீ தேடுற வண்டி இல்ல.”

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2015-இல் சியாஸில் வந்தது போன்ற ‘மைல்டு ஹைப்ரிட்’டில் மோட்டார் என்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான், தனியாக வண்டியை நகர்த்தாது. ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’ என்ஜினை அணைத்துவிட்டு மின்சாரத்திலேயே ஓடும். 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி இ:எச்இவி, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் எல்லாம் அந்த வகை. இவற்றில் கிளட்ச் பெடல் இருக்காது. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் இரண்டு வகையிலும் விற்கப்பட்டதால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பானெட்டைத் திறந்தால் விரல் தடிமனுக்கு ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட வேண்டும். அது உயர் மின்னழுத்த வயர், கை வைக்காதீர்கள்.

அடுத்தது பேட்டரி. டொயோட்டாவும் மாருதியும் இந்த வண்டிகளின் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தந்தன. 2022 வண்டியென்றால், அந்தக் கிலோமீட்டரைத் தாண்டாதவரை, 2030 வரை தைரியமாக இருக்கலாம். ஆனால் சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பேட்டரி நிலையைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் பல மாடல்களில் பின்சீட்டுப் பக்கம் இருக்கும். தூசி அடைத்திருந்தால் நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறையும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வண்டியென்றால் தரைவிரிப்பைத் தூக்கி வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது நமக்குத் தெரியும். வெள்ளத்தில் நின்ற ஹைப்ரிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய ஹைப்ரிட் என்றாலே பயப்படவும் வேண்டாம். இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா பிரியஸும் அக்வாவும் சாலையெல்லாம் ஓடுகின்றன. பேட்டரியைப் பிரித்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகளும் அங்கே உருவாகிவிட்டார்கள். நம் பக்கம் அந்தக் கைத்தொழில் இன்னும் வளரவில்லை. அதனால்தான் வாரண்டியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஹைரைடருக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது சோதனைக் கணக்கு. ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதான் ஹைப்ரிட் நன்றாக மிச்சம் பிடிக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டி நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் விரட்டினால் அந்த லாபம் சுருங்கிவிடும். சில மாடல்களில் டிக்கியில் பேட்டரி இடம் பிடித்துக்கொள்வதால், சாம்பிள் பெட்டி ஏற்றுகிறவர்கள் பெட்டியோடு போய் அளந்து பார்ப்பது நல்லது.

புது மாடலுக்குக் காத்திருக்கலாமா? மாருதி சின்னக் கார்களுக்கென்று சொந்த ஹைப்ரிட் நுட்பத்தைத் தயார் செய்துவருகிறது. ஹூண்டாயும் ஹைப்ரிட் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கும் 1200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், பெரியதற்கு 40. ஆகவே சின்ன ஹைப்ரிட் வந்தால் விலை கைக்கு எட்டும். எப்போதாவது வண்டி எடுப்பவர்கள் அதுவரை பொறுத்திருக்கலாம். தினமும் நெய்வேலி, பண்ருட்டி என்று அலைகிறவர்கள் வாரண்டி பாக்கியுள்ள பழையதையே எடுக்கலாம். புதுச்சேரி நம்பர் என்றால் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டுச் சாலை வரியும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் விலை பேசுங்கள்.