அடியின் முடிவில் காத்திருக்கும் சொல்

1591-இல் ஹைதராபாத் நகரை உருவாக்கிய முகம்மது குலி குதுப் ஷா ஒரு பெருங்கவிஞர். அரசவைப் பாரசீகத்தோடு நிற்காமல், மக்கள் பேசிய தக்கனி உருதுவிலும் நிறையப் பாடினார். மழைக்காலமும் வசந்தமும் பண்டிகைகளும் அவருக்குப் பாடுபொருள். உருதுவில் முழுத் தொகுப்பு கண்ட முதல் கவிஞர் என்று அவரையே சொல்வார்கள்.

அவர் எழுதிய வடிவங்களில் ஒன்று கஜல். குறளைப் போலவே ஒவ்வோர் ஈரடியும் தனித்துப் பொருள் தரும். ஆனால் ஓசை எல்லாவற்றையும் கட்டி வைக்கிறது. முதல் ஈரடியில் இரண்டு அடிகளும் ஒரே சொல்லில் முடியும். பிறகு ஒவ்வோர் ஈரடியின் இரண்டாம் அடியிலும் அதே சொல் வரும். அது ரதீஃப். அதற்குச் சற்று முன் ஒலிக்கும் ஒத்த ஓசை காஃபியா. நம் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும்; காஃபியாவோ நம் இயைபுத் தொடைக்கு நெருங்கிய உறவு. முஷாயிரா என்னும் கவியரங்கில் கவிஞர் முடிக்கும் முன்பே அவையோர் ரதீஃபைச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். அந்த எதிர்பார்ப்புதான் கஜலின் உயிர்.

கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பொதிவது வழக்கம். அப்படி ‘சந்தா’ என்ற புனைபெயரில் எழுதிய மா லகா பாய், உருதுவில் தொகுப்பு கண்ட முதல் பெண் கவிஞர்களில் ஒருவர். 1824-இல் மறைந்த அவருடைய கல்லறை ஹைதராபாத் மௌலா அலியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.