எளிய கோப்பில் எழுதி வைப்போம்

சென்ற ஆண்டு எங்கள் உம்மும்மா வபாத்தானார். சில நாட்கள் கழித்து, உம்மா அலுமாரியிலிருந்து ஒரு பழைய பென்டிரைவை எடுத்துத் தந்தார். 2005 இல் உம்மா கணினி வகுப்புக்குப் போன காலத்தில், உம்மும்மா சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்த இருபத்திரண்டு பக்கங்கள் அதில் இருந்தன. எருக்கலம்பிட்டியில் எந்த வளவுக் கிணற்றில் நல்ல தண்ணீர், யார் வீட்டுக்கு யார் பெண் கொடுத்தார்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்பதையெல்லாம் அவர் சொல்லியிருந்தாராம். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியதும் அதில் இருந்ததாம்.

கோப்பை என் மடிக்கணினியில் திறந்தேன். தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. இடையில் 1990 என்ற இலக்கம் மட்டும் வாசிக்கக்கூடியதாக நின்றது. உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கெட்டுப் போயிட்டா மகள்?” என்று கேட்டார்.

கெட்டுப் போகவில்லை. ஏன் அப்படித் தெரிந்தது, அதை எப்படி மீட்டேன், இனி நமது குறிப்புகளை எப்படி எழுதி வைப்பது நல்லது என்பதைச் சகோதரிகளுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உம்மா பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. நம் நாட்டில் பல ஆண்டுகளாகத் தமிழ் அச்சு வேலைகள் பெரும்பாலும் அதில்தான் நடந்தன. பாமினியில் ‘அ’ என்று தட்டினால் கணினி சேமிப்பது 109 என்ற எண்ணை. அது உண்மையில் ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் எண். பாமினி அந்த எண்ணுக்கு ‘அ’ வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். போர்வையை எடுத்துவிட்டால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆகிவிடும். இலக்கங்களைப் பாமினி மாற்றுவதில்லை. 1990 தப்பியது அதனால்தான்.

யூனிகோட் முறை வேறு. அதில் உலகின் பல எழுத்து முறைகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. ‘அ’ வின் எண் 2949. அந்த எண் வேறெந்த மொழி எழுத்துக்கும் இல்லை. ஆகவே எந்தக் கணினியில், எந்தக் கைத்தொலைபேசியில் திறந்தாலும் ‘அ’ என்பது ‘அ’ வாகவே இருக்கும்.

பாமினியை என் கணினியில் நிறுவினால் வாசித்திருக்கலாம். ஆனால் கைத்தொலைபேசியில் அனுப்பினால் மறுபடியும் அதே குழப்பம். தமிழில் ஒரு பெயரைத் தேடவும் முடியாது. எனவே எழுத்தை மட்டும் பிரதி செய்து, பாமினியை யூனிகோடாக மாற்றும் இணையக் கருவி ஒன்றில் ஒட்டினேன். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. நொடியில் தமிழ் வந்தது. உம்மா ஆங்கிலத்தில் தட்டியிருந்த சில சொற்கள் மட்டும் பொருளற்ற தமிழாகிவிட்டன. அவற்றைக் கையால் திருத்தினேன்.

இதே வழியில் பெரிய முயற்சி ஒன்றும் நடந்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சுச் செய்து இலவசமாக வெளியிட்டது. முன்னர் தகுதரம் என்ற குறியேற்றத்தில் இருந்த அந்நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. எழுத்தாக இருந்ததால்தான் மாற்ற முடிந்தது.

மீட்டதை எங்கே சேமிப்பது என்பது அடுத்த கேள்வி. அழகான குறிப்புச் செயலிகள் பல உண்டு. சிலவற்றில் நாம் எழுதுவது அச்செயலிக்கு மட்டுமே விளங்கும் வடிவில் இருக்கும். செயலி நின்றுபோனால் நாமும் நிற்க வேண்டியதுதான். நான் தெரிவு செய்தது நோட்பேட். 1985 இல் வந்த முதல் விண்டோஸிலேயே அது இருந்தது. அதன் வெற்று எழுத்துக் கோப்பில் எழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எந்தக் கணினியும் அதைத் திறக்கும்.

இடமும் மிகக் குறைவு. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘அம்மா’ வில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். நூறு பக்கம் எழுதினாலும் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுக்கு வருவது கடினம்.

செய்ய வேண்டியவை சில. விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். சேமிக்கும்போது குறியேற்றம் யூடிஎஃப்-8 என்றிருக்கிறதா என்று பாருங்கள். 2019 க்குப் பிந்திய விண்டோஸ் 10 இலும் அதற்குப் பின்னரும் அது தானாகவே இருக்கும். பழையவற்றில் ‘அன்சி’ என்று விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. கோப்பின் பெயரில் பொருளையும் திகதியையும் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் மற்றொன்றை மின்னஞ்சலிலும் வையுங்கள்.

குறைகளும் உண்டு. படம், அட்டவணை, வண்ண எழுத்து எதுவும் வராது. பழைய நோட்பேட் தானாகச் சேமிக்காது. மின்சாரம் போனால் எழுதியதும் போகும். உயிரியல் பாட வரைபடத்துக்குக் கொப்பிதான் சரி. ஆனால் பாடச் சுருக்கம், வாப்பாவின் கடைக் கணக்குக் குறிப்பு, மூத்தவர்கள் சொல்லும் கதை ஆகியவற்றுக்கு இது போதும்.

மீட்ட பக்கங்களை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். “அந்தக் கிணறு மேற்கு வளவில் இல்ல மகள், கிழக்கு வளவில். நான்தான் அன்றைக்குப் பிழையாத் தட்டிப் போட்டன்” என்றார். பிழையைத் திருத்தினேன். பிறகு, உம்மும்மா சொல்லாமல் விட்டதை உம்மா சொல்லத் தொடங்கினார். நான் புதிய கோப்பொன்றைத் திறந்தேன். உங்கள் வீட்டிலும் இன்னும் சொல்லக் கூடியவர்கள் இருப்பார்கள். இந்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.