பதினாறு வயதை நிறுக்கும் தராசு

"இந்தப் பையன் எவ்வளவு ஆபத்தானவன்?" என்று கேட்கிறது சட்டம். "இந்தப் பையனுக்கு என்ன தேவை?" என்றும் கேட்கிறது அதே சட்டம். முதற் கேள்வியை முழங்குகிறது, இரண்டாவதை முணுமுணுக்கிறது!

2012 டிசம்பரில் டில்லியில், ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை கேட்டு நாடே கொதித்தது. கொதித்ததிலே தவறில்லை, கொதிக்காமலிருந்திருந்தால்தான் நாம் வெட்கப்பட வேண்டும். குற்றவாளிகள் ஆறு பேரில் ஒருவன் பதினெட்டு நிறையாதவன். மூன்றாண்டுகள் இல்லத்திலிருந்து, 2015 டிசம்பரில் வெளியே வந்தான். அதே வாரத்தில், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவையில் நிறைவேறியது புதிய இளைஞர் நீதிச் சட்டம். கொதிக்கும் உலையில் அவசரமாக இட்ட அரிசி! வெந்ததா, வேகவில்லையா என்று பதம் பார்க்க வேண்டாமா?

சட்டம் சொல்வது இது. வயது பதினாறு நிறைந்து, பதினெட்டு நிறையவில்லை. குற்றமோ, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்னும்படியான கொடுங்குற்றம். அப்படியானால், ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளரும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் அவனை மூன்று மாதத்துக்குள் நிறுத்துப் பார்க்க வேண்டும். குற்றம் செய்யும் மனவலிவும் உடல்வலிவும் இருந்தனவா? விளைவை உணரும் ஆற்றல் உண்டா? எந்தச் சூழ்நிலையில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது? தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் சிறுவன். மறுபக்கம் சாய்ந்தால், பெரியவனைப்போல் விசாரணை!

இது வழக்கு விசாரணையல்ல, முன்மதிப்பீடுதான் என்று விளக்கமும் தருகிறது சட்டம். நல்லது. ஆனால், "நான் செய்யவேயில்லை ஐயா!" என்று சொல்லும் பையனிடம், "செய்தபோது விளைவு தெரிந்ததா?" என்று எப்படிக் கேட்பது? தெரிந்தது என்றால் ஒப்புக்கொண்டவனாகிறான். தெரியாது என்றாலும் ஒப்புக்கொண்டவனாகிறான்! குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்பே குற்றவாளியின் மனத்தை அளக்கும் விந்தையை வேறெங்கே காண்பது?

இந்த இக்கட்டை உச்சநீதிமன்றமும் உணராமலில்லை. அரியானா பள்ளிச் சிறுவன் கொலை வழக்கில், 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. அறிவுத்திறன் வேறு, விளைவை உணரும் ஆற்றல் வேறு என்று பிரித்துக் காட்டியது. குழந்தை உளவியல் கற்றவர் குழுமத்தில் இல்லையென்றால் வல்லுநரின் உதவியைப் பெற்றே தீரவேண்டும் என்றது. சரியான சொல்! ஆனால் வல்லுநர் வந்து, ஓர் உட்காரலில், ஓர் அறிவுச் சோதனை நடத்தி, எண்ணொன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா? பையன் சில மாதங்களுக்கு முன்பு, ஓர் இரவில், நாலு கூட்டாளிகள் நடுவே என்ன நினைத்தான் என்பதை அந்த எண் சொல்லுமா?

கனடா நாட்டிலே உருவான அளவுகோல் ஒன்று உண்டு. பல நாடுகளில் பயன்படுகிறது. 42 கேள்விகள், எட்டுத் தலைப்புகள்: முந்தைய குற்றம், குடும்பம், கல்வி, நண்பர்கள், போதை, ஓய்வுப்பொழுது, குணம், மனப்பான்மை. அதன் சிறப்பு, அபாயத்தை அளக்கும்போதே தேவையையும் காட்டுவது. பள்ளியை விட்டான் என்றால், மதிப்பெண் ஏறுகிறது. கூடவே, பள்ளிக்கு அனுப்பு என்ற மருந்துச் சீட்டும் வருகிறது. குறையும் இல்லாமலில்லை. போலீஸ்காரர் தினந்தோறும் சுற்றும் சேரித் தெருவில் பிறந்தவன் பிடிபடுவது எளிது. மாளிகைத் தெருப் பையன் அதையே செய்தால், அப்பாவின் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிறது. 'முந்தைய குற்றம்' என்ற கட்டத்தில் விழும் எண், பையனை அளக்கிறதா, தெருவை அளக்கிறதா?

நம்மிடமும் கருவி உண்டு. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீடு, வருமானம், படிப்பு, பழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. கட்டங்கள் எப்படி நிரம்பும்? கற்பனை செய்து பாருங்கள்:

"அப்பா என்ன வேலை?"

"இல்ல சார்."

"வேலை இல்லையா?"

"அப்பாவே இல்ல சார்."

"பள்ளிக்கூடம்?"

"எட்டோட நின்னுட்டேன்."

"ஏன்?"

பையன் மௌனம். 'படிப்பில் நாட்டமின்மை' என்று விழுகிறது எழுத்து. தாயாரை நேரில் கண்டிருந்தால், தம்பி தங்கையருக்குக் கஞ்சி ஊற்ற அவன் லாரிப் பட்டறைக்குப் போனது தெரிந்திருக்கும். ஆனால் வீட்டுப்படி ஏறாமல், மேசையிலேயே அறிக்கை முடிந்துவிடுகிறது! தேவையென்று எழுதவேண்டியது அபாயமென்று எழுதப்படுகிறது. அலுவலரை மட்டும் ஏசிப் பயனில்லை. கைநிறைய வழக்குகளைத் திணித்துவிட்டு, வீடு வீடாகப் போகவில்லையே என்று கேட்பது எந்த நியாயம்?

இன்னொன்று. அபாயம் என்றால் அவனால் நமக்கு வருவது மட்டுந்தானா? 1920-லேயே சிறார் சட்டம் இயற்றி, இந்தியாவுக்கே வழிகாட்டிய மாகாணம் சென்னை. அந்தப் பெருமையைச் சொல்லி முடிக்கையில் நாக்குத் தடுமாறுகிறது. 2022 டிசம்பர் இறுதியில், சிறு திருட்டுப் புகாரில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன், அங்கேயே அடிபட்டுச் செத்தான். இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். பின்னர் இல்லங்களைச் சீர்திருத்த வழி காண ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அமர்த்தியது அரசு.

அவனால் ஊருக்கு வரக்கூடிய ஆபத்தை எழுத எத்தனையோ கட்டங்கள் இருந்தன. நம் இல்லத்தால் அவனுக்கு வரவிருந்த ஆபத்தை எழுத, ஒரு கட்டமாவது இருந்ததா?